ஸ்டார்ட் ஆகக் கூடாத வண்டி

இது நடந்தது. வேறு யாருக்கோ இல்லை, எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. படித்து முடித்த பிறகு "அது எப்படி?" என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே எனக்குள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்து போய்விட்டேன்.

நான் கார் மெக்கானிக். மனைவியின் தம்பியோடு சேர்ந்து ஒரு சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்றால் சிரிக்கிற ஜாதி. "உங்க எதிர்ல பேயே வந்து நின்னாலும், பானட்டைத் திறங்கன்னுதான் கேப்பீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். அந்தக் கேலியை அவள் இப்போது செய்வதில்லை.

அன்று காலையிலிருந்தே மழை. ஒரு வீட்டில் பிரேக் வேலையை முடித்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஐந்தரை இருக்கும். பெரிய ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அதனால் வீடுகளுக்குப் பின்பக்கமாகப் போகிற சந்தில் வண்டியைத் திருப்பினேன். வரிசையாக கார் ஷெட்டுகள். எல்லாம் மூடிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வாசலில் ஒருவர் நின்று கை காட்டினார்.

"தம்பி, மெக்கானிக்கா?"

பைக்கின் பின்னால் கட்டியிருந்த டூல்ஸ் பெட்டியைப் பார்த்திருப்பார் போல.

"ஆமா சார்."

"அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ. வண்டி ஸ்டார்ட் ஆகல."

மெக்கானிக்கிடம் அஞ்சு நிமிஷம் என்று சொன்னவர்கள் யாரும் இதுவரை ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து விட்டதில்லை. ஆனாலும் பெரிய மனுஷர். அறுபதை நெருங்குகிற வயது. மழையில் நின்று கூப்பிடுகிறார். எப்படி விட்டுவிட்டுப் போவது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனேன்.

ஷெட் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு மஞ்சள் பல்பு. சுவரில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தொங்கின. தன் வண்டிக்குத் தானே வேலை பார்க்கிற மனுஷர் என்று புரிந்தது. வீட்டுக்குள் போக ஒரு மரக்கதவு. நடுவில் பழைய வெள்ளைக் கார்.

முதலில் உறுத்தியது வாடை. எந்த ஷெட்டிலும் பெட்ரோல் வாடையோ ஆயில் வாடையோ இருக்கும். இங்கே இல்லை. பல நாள் திறக்காத பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"எவ்ளோ நாளா சார் இப்படி?"

"தினமும் பார்க்கிறேன். தினமும் ஸ்டார்ட் பண்றேன். பிடிக்க மாட்டேங்குது."

தினமும்? கார் மேல் விரலால் கோலம் போடலாம். அவ்வளவு தூசி. டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியிலும் அதே தூசி. கை பட்ட தடம் இல்லை.

கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் பக்கத்தில் இல்லை. காருக்குள், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"செல்ஃப் அடிங்க சார், பார்ப்போம்."

கர்ர்... கர்ர்... கர்ர்...

சுற்றுகிறது. பிடிக்கவில்லை. பானட்டைத் திறந்து, மீட்டரை வைத்து பேட்டரியைப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட். குறை சொல்ல முடியாது. பிளக்கைக் கழற்றி, மறுபடி அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். பொறி நீலமாகப் பாய்ந்தது. அப்படியானால் நெருப்பு இருக்கிறது. காற்றும் இருக்கிறது. மிச்சம் பெட்ரோல்தான். இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் குழாயின் முனையைத் தளர்த்தினேன். குழாய் உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை. பிளக்கையும் குழாயையும் திரும்ப மாட்டினேன்.

"டேங்க்ல பெட்ரோல் இருக்கா சார்?"

"ஃபுல்."

"ஃபியூஸ், ரிலே..."

"மாத்தியாச்சு."

"ஃபில்டர்?"

"அதுவும் மாத்தியாச்சு தம்பி. பம்ப்புதான். எனக்குத் தெரியும். ஆனா என்னால அதைத் தொட முடியல."

கழற்ற முடியல என்று சொல்லவில்லை. தொட முடியல என்றார். வயசாகிவிட்டது, பின்சீட்டைத் தூக்கக் குனிய முடியவில்லை போல என்று நானே பொருள் சொல்லிக்கொண்டேன்.

பின்னால் சர்ரென்று சத்தம். திரும்பினேன். ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது.

"சாரல் அடிக்குது தம்பி" என்றார், காருக்குள் இருந்தபடியே.

அவர் இருந்த இடத்திலிருந்து ஷட்டர் எட்டாது. பாதியில் நின்ற ஷட்டர் தானாக வழுக்கி இறங்குவதும் உண்டுதான். எங்கள் பட்டறை ஷட்டரே அப்படித்தான். மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். பின்சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கி நிறுத்தினேன். கீழே வட்டமாக ஒரு மூடி. அதற்குக் கீழே டேங்க். டேங்குக்குள் பம்ப்.

இந்த மாதிரி வண்டியில் சாவியை ஆன் செய்ததும், இன்ஜின் சுற்றுவதற்கு முன்னாலேயே, பம்ப் ஒரு தடவை முனகி நிற்கும். அந்த முனகல் வந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் செத்துவிட்டது. சோதனை அவ்வளவுதான்.

காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க சார். அடிக்க வேணாம்."

டிக்.

ஒன்றுமில்லை.

"ஆஃப் பண்ணிட்டு மறுபடி."

டிக்.

ஒன்றுமில்லை.

சில சமயம் பம்ப் மோட்டார் உள்ளே இறுகிப்போய் நிற்கும். லேசாகத் தட்டினால் விழித்துக்கொள்ளும். எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த கைவைத்தியம். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிடியால் மூடியின் ஓரத்தில் தட்டினேன். டொக்... டொக்...

"ஆன் பண்ணுங்க."

டிக்.

"ம்ம்ம்ம்ம்..."

வந்தது. ஆனால்...

பம்ப் சத்தம் எனக்குத் தெரியும். ஆயிரம் பம்ப் கேட்டிருக்கிறேன். அது மெஷின் சத்தம். இது அப்படி இல்லை. ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு முனகினால் எப்படி இருக்கும்? அப்படி. என் காதுக்குக் கீழே. டேங்குக்குள்ளிருந்து.

சட்டென்று நிமிர்ந்தேன். பின்னால் பார்க்க டிரைவர் தலைக்கு மேலே வைத்திருக்கும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. மழையில் நின்றவர் முகம் வெளுத்துத்தானே இருக்கும்?

"கேட்டியா தம்பி? வந்துடுச்சு."

"சார், ஒரு நிமிஷம். இன்னும் அடிக்காதீங்க..."

கர்ர்... கர்ர்... க்ரூம்ம்!

பிடித்துக்கொண்டது.

என்ன சொல்ல, அந்த நொடியில் எனக்கும் சந்தோஷம்தான். ஓடாத வண்டி ஓடினால் எங்களுக்கு வருகிற சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே புகை நெஞ்சில் இறங்கியது.

"சார், ஆஃப் பண்ணுங்க. ஷட்டர் மூடியிருக்கு."

"இப்பதான் ஸ்டார்ட் ஆச்சு."

"புகை சார்! ஷெட்டுக்குள்ள நிக்குது. ஆளைக் கொன்னுடும்!"

"ஆஃப் பண்ணா மறுபடி பிடிக்காது தம்பி."

காரிலிருந்து இறங்கி ஷட்டருக்கு ஓடினேன். குனிந்து தூக்கினேன். அசையவில்லை. பூட்டு எதுவும் இல்லை. ஆனால் மேலே யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதைப் போன்ற கனம். தலையைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டியது போல வலித்தது.

மரக்கதவு நினைவுக்கு வந்தது. திரும்பினேன். நாலு எட்டுத் தூரம்தான்.

கால் வரவில்லை.

என் கால்தான். நான் சொன்னால் கேட்கவில்லை. முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"போதும் சார்... ஆஃப் பண்ணுங்க... போதும்..."

கத்தினேன் என்றுதான் நினைத்தேன். குரல் வந்ததா தெரியவில்லை.

"சத்தத்தைக் கேளு தம்பி" என்றார் அவர். நிதானமாக. ஆசையாக. "எவ்ளோ நல்லா ஓடுது பாரு..."

தரை குளிர்ந்தது.

பல்பு மங்கியது.

"கேளு..."

"கேளு..."

குரல் இப்போது காரிலிருந்து வரவில்லை.

என் பக்கத்தில்.

தரையில்.

அவரும் படுத்திருந்தார்.

பிறகு வெளிச்சம். மரக்கதவு திறந்திருந்தது. என் அக்குளில் கை கொடுத்து யாரோ இழுத்தார்கள். ஒரு பெண். என் சட்டையைப் பற்றி, வீட்டுக்குள், வெறும் தரையில் போட்டு இழுத்துக்கொண்டே போனார்.

"யாரு நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"அக்கா... சார்... உள்ள இருக்கார்... வண்டியை ஆஃப்..."

அந்த அக்கா ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜின் சத்தமே இல்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். மூக்கில் ஆக்சிஜன். தலைமாட்டில் மனைவி அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "மூடின இடத்துல வண்டியை ஓட விட்டீங்களா?" கொண்டுவரும்போதே என் முகம் சிவந்து கிடந்ததாம்; இந்தப் புகை ஏறினால் அப்படித்தான் சிவக்குமாம். ரத்தம் முழுக்க வண்டிப் புகையின் விஷம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிணம்தான் என்றார்.

மறுநாள் என் மச்சான் பைக்கையும் பெட்டியையும் எடுக்க அந்த வீட்டுக்குப் போனான். அவனும் மெக்கானிக். போனவன் காரையும் பார்த்துவிட்டு வந்தான். வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க எந்த வண்டியைப் பார்த்தீங்க?"

"அங்க ஒரு வண்டிதானேடா இருந்துச்சு. வெள்ளைக் கார்."

"அதுல பேட்டரி இல்ல."

"என்னடா சொல்ற? மீட்டர் வச்சுப் பார்த்தேன்டா!"

"பேட்டரி இருந்த இடத்துல தூசிதான் இருக்கு. பின்சீட்டு தூக்கித்தான் இருந்துச்சு. மூடியைக் கழட்டிப் பார்த்தேன். பம்ப்பே இல்ல மாமா. ஓட்டையில துணி அடைச்சிருக்கு. டேங்க்கு சருகாக் காஞ்சு கிடக்கு."

என் மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, என்னை இழுத்துப் போட்ட அந்த அக்கா பார்க்க வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கார்தான் அவருக்கு உலகம். திடீரென்று ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் போனது. எந்த மெக்கானிக்கையும் விடவில்லை. நானே கண்டுபிடிக்கிறேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்கிறார். ஒரு மழை நாளில், சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்த்தார். அன்றைக்குத்தான் வண்டி பிடித்தது. ஆஃப் பண்ண மனசு வராமல் சத்தத்தைக் கேட்டபடியே உட்கார்ந்துவிட்டார் போல. இந்த அக்கா கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எல்லாம் முடிந்து போயிருந்தது.

"காரியமெல்லாம் முடிஞ்ச கையோட ஆளைக் கூப்பிட்டுப் பேட்டரியையும் பம்ப்பையும் கழட்டச் சொல்லிட்டேன் தம்பி. இனிமே ஒருநாளும் அது ஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னு."

"அப்புறம் எப்படிக்கா நான் உள்ள இருக்கிறது தெரிஞ்சுது? இன்ஜின் சத்தம் கேட்டுச்சா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"பேச்சுக் குரல் கேட்டுச்சு. ரெண்டு பேர். ஒண்ணு நீங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொண்ணு அவர்."

என் மனைவி அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போதும் போதும்னு கத்தினதும் கேட்டுச்சு. ஆனா உடனே வரல தம்பி. கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். எட்டு மாசம் ஆச்சு, அவர் குரலைக் கேட்டு..."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பேசட்டும்னு இருந்துச்சு."