மட்டிகளுக்குப் பிடிக்காத வண்டி

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவள் வீட்டுக்காரருக்கே அது நம்பும்படியாக இல்லை. "மீனுக்குப் பல் கட்டப் போறியா?" என்று கேட்டார். விஷயம் கிட்டத்தட்ட அதுதான். மட்டி என்கிற சிப்பியின் ஓட்டில் கடுகளவு கருவி ஒன்றை ஒட்ட வேண்டும். ஈரத்தில் பிடிக்கிற பசை பல் சிமெண்ட் ஒன்றுதான். ஆராய்ச்சி மாணவர்கள் முயன்று பார்த்து, மட்டியை விட்டுவிட்டுத் தங்கள் விரல்களையே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் வந்த முதல் நாளே ஒரு தட்டு மட்டிகளை ஒட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வேற இருக்கா?" என்றாள். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா.

இத்தனை பாடும் எதற்கு? அந்த ஊர்க் கடலுக்குள் காற்றாலைகள் வரப்போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரம்மாண்டமான இரும்புத் தூணைக் கடல் தரையில் சம்மட்டியால் அடித்து இறக்க வேண்டும். மீன் என்றால் சத்தம் கேட்டு ஓடிவிடும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற மட்டி எங்கே போகும்? அதற்கு என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வதுதான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பு. மட்டி நிம்மதியாக இருந்தால் வாயைத் திறந்து, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். மிரண்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். மூடியிருக்கும்வரை பட்டினி. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஓட்டிலிருக்கும் கருவி கம்பி வழியாகக் கணினிக்குச் சொல்ல, திரையில் ஒவ்வொரு மட்டிக்கும் ஒரு கோடு ஓடும்.

தொட்டியில் மட்டிகளை வைத்துச் சம்மட்டிச் சத்தம் போடுவதற்கு முன்னால், சத்தமே இல்லாத நாட்களில் மட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் சிக்கல். தினமும் காலையில், இவள் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்பு, எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கீழே விழுந்தன. தொட்டி அறையில் ஆளில்லை, மோட்டார் ஓடவில்லை, விளக்கும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

"மட்டிக்கு லீவு நாள் தெரியுமாக்கா?" என்றான் மீன் பிரிவு மாணவன்.

அவளுக்கு மண்டை காய்ந்தது. சுத்தம் செய்ய வருபவரைக் கேட்டாள். அவர், "நான் பதினோரு மணிக்குத்தாம்மா வர்றேன், என் மேல பழி போடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கோடுகள் சமர்த்தாக ஓடின.

"நீங்க கூட இருந்தா பயமில்லாம இருக்குங்க போல" என்றான் மாணவன். இவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். தொட்டியைக் குனிந்து பார்த்து, "அப்படியா கண்ணுங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். தெருமுனையிலிருந்தே அடையாளம் தெரிகிற சத்தம். அவள் கணவரின் மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. சைலன்சர் எந்தக் காலத்திலோ உயிரை விட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் நிதானமாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், தன் வண்டியை மட்டும் போர்க்களத்துக்குப் போவதுபோல் ஓட்டுவார். தினமும் அவளை இறக்கிவிடுவதும் நிழலுக்காக இதே சுவரோரம்தான்.

வண்டி வந்து நின்று உறுமியது. திரையில் அத்தனை கோடுகளும் சொல்லிவைத்தாற்போல் விழுந்தன.

அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். "என்னங்க, ஆஃப் பண்ணுங்க! முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க!"

"சாப்பாடு கொண்டுவந்தவனைக் கத்துற. என்னாச்சு?"

"உங்க வண்டியைப் பாத்துத்தான் எல்லாம் வாயை மூடிக்குது!"

அவர் பையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். "மட்டிதானே? அதுக்கென்ன தெரியும்" என்றார், மனம் நொந்து.

இத்தனை நாள் பதிவும் பாழ் என்று ஆராய்ச்சித் தலைவியிடம் போய்ச் சொன்னாள். தலைவி முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்ணீருக்குள் இருந்த ஒலிவாங்கியின் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார். அதில் வண்டிச் சத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

"தண்ணி வழியா வரலை. தரை வழியா அதிர்வு வந்திருக்கு. நாம தண்ணிக்குள்ள சத்தத்தை மட்டுந்தான் அளக்கிறதா இருந்தோம். கடல்லயும் மண்ணோட அதிர்வை அளக்கணும்" என்றவர், "உங்க வீட்டுக்காரர் நாளைக்கு ஃப்ரீயா?" என்று கேட்டார்.

மறுநாள் வீட்டுக்காரர் தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்தார். தரையில் அதிர்வுமானியைப் பதித்தார்கள். மாணவன் கொடி அசைக்க, சுவரோரம் வந்து நின்று உறும வேண்டும்; போக வேண்டும்; திரும்ப வர வேண்டும். முதல் தடவை மட்டிகள் கெட்டியாக மூடிக்கொண்டன. அடுத்த தடவையும் மூடின. போகப் போகப் பாதி மட்டிகள் லேசாகச் சிணுங்கிவிட்டுத் திறந்துகொண்டன. கடைசியில் சில அசையவே இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னம்மா, மதிக்கவே மாட்டேங்குது?" என்றார்.

"பழகிடுச்சுங்க. எனக்கும் அப்படித்தானே ஆச்சு."

மாணவன் சிரிப்பை அடக்கக் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

பிறகு சம்மட்டிச் சோதனை முறையாக நடந்தது. அறிக்கையும் போனது. அதில் சொன்னது மூன்று. தூண் அடிக்கும்போது எடுத்ததும் ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டித் தொடங்க வேண்டும். மண்ணின் அதிர்வைக் கூடவே அளக்க வேண்டும். மட்டி முட்டையிடும் பருவத்தில் அடிக்கவே கூடாது. காற்றாலைக்காரர்கள் முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள், மூன்றாவதற்கு இழுத்தார்கள். கடலில் மட்டி எடுத்துப் பிழைப்பவர்களோ, இது போதவே போதாது என்றார்கள். அறிக்கையைப் பற்றிப் பேசக் கூட்டிய கூட்டத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குரல் உயர்ந்தது. ஒரு மட்டிக்காரி நேராக இவளைப் பார்த்து, "பழகிடும்னு எழுதிருக்கியேம்மா, பழகிற வரைக்கும் அது சாப்பிடாதே?" என்றாள்.

"அதையும் எழுதியிருக்கோம்க்கா. அடுத்த பக்கம்" என்று திருப்பிக் காட்டினாள். அந்த அம்மாள் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். கடைசியில் மூன்றாவதும் ஏற்கப்பட்டது, பருவத்தில் பாதிக்கு மட்டும். முழுவதற்கும் வாதாட இன்னும் எண்கள் வேண்டும் என்றார் தலைவி.

வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே புது சைலன்சர் மாட்டினார். இதில் நஷ்டப்பட்டது மகள்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துப் புத்தகத்தை விரிக்கிற பழக்கம் அவளுக்கு. இப்போது அப்பா பின்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. "எல்லாம் உன் மட்டியால வந்தது" என்று அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அம்மாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. தலைவி கேட்ட எண்களுக்காகக் கடல் தரையிலிருக்கும் மட்டிகளுக்கும் கருவி ஒட்ட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. முக்குளிப்பவர்கள் மட்டியை மேலே எடுத்துத் தருவார்கள், படகிலேயே ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆடுகிற படகில் அவள் முதல் தடவையாக உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் தட்டை இடுக்கிக்கொண்டு, சிமெண்டைக் குழைக்கத் தொடங்கினாள்.