மேம்பால இறக்கமும் தேவசகாயம் சாரின் பின்சக்கரமும்

தேவசகாயம் சாரின் மகள் ஷீபாவின் அழைப்பு வந்தபோது நான் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா போயிட்டாங்க. மேடவாக்கம் மேம்பாலத்துல இறங்கறப்போ சைக்கிளோட விழுந்துட்டாங்களாம்" என்றாள். தகப்பனை இழந்த பெண்ணுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். என் வாய்வரை வந்து நின்றது வேறொரு கேள்வி: பின்சக்கரத்தின் ஹப் என்ன ஆயிற்று? நல்லவேளையாக நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அதன்பின் என்னை விட்டுப் போகவும் இல்லை. சக்கரத்தின் நடுக்குடமான அந்த ஹப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

ஞாயிறுதோறும் தாம்பரத்திலிருந்து கிளம்பும் நம் சைக்கிள் குழுவில் தேவசகாயம் சாரை அறியாதவர் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் பணியாற்றியவர்கள். அவர் ஆங்கிலம், நான் இயந்திரவியல். ஓய்வுக்குப் பிறகு நாமெல்லாம் கியர் சைக்கிளுக்கு மாறினோம். அவர் மட்டும் ஃபிக்ஸட் கியருக்குப் போனார். அதில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலுக்கு ஓய்வு கிடையாது. வேகத்தைக் குறைக்க, சுற்றி வரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். "கால் சும்மா இருந்தா மனசு கண்டதையும் யோசிக்கும்யா" என்பார். என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

முதலில் அவர் செய்த வேலையை நான் எந்த மாணவனுக்கும் மன்னித்திருக்க மாட்டேன். சாதாரண ஹப்பில், பெடல் நின்றாலும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அந்தத் திருகு மரையிலேயே பல்சக்கரத்தைத் திருகி, பசை போட்டு ஒட்டிவிட்டார். அந்த ஏற்பாட்டில் காலால் எதிர்த்து அழுத்தும்போதெல்லாம் பல்சக்கரம் கழலும் திசையில் திரும்பப் பார்க்கும். பல்லாவரம் பக்கம் ஓர் இறக்கத்தில் அதுதான் நடந்தது. கால் வெறுமனே பின்னோக்கிச் சுற்ற, வண்டி அதன் பாட்டுக்கு ஓடியது. சாலையோர மணற்குவியல் ஒன்று அவரைக் காப்பாற்றியது. தலையெல்லாம் மணலுடன் உட்கார்ந்துகொண்டு, "ப்ரொபசர், பேதுரு மோட்சத்து கேட்டைத் தொறந்துட்டாரு. நான்தான் சைக்கிள உள்ள வுட எடமில்லன்னு திரும்பிட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகுதான் ஹப் தேடும் பொறுப்பை என்னிடம் விட்டார். ஃபிக்ஸட் கியருக்கென்றே செய்த ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். பல்சக்கரம் ஒன்றில் ஏறும். அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் எதிர்த்திசை மரையில் ஏறும். ஒன்று கழலப் பார்த்தால் மற்றது இறுகும். அவருக்குப் பிடித்தது பளபளக்கும் சிவப்பு ஹப். நான் பார்த்தது மரையின் ஆழம், எஃகு ஆக்ஸில், மழைநீர் புகாதபடி மூடிய பேரிங். அந்தப் பேரிங் தேய்ந்தால் பம்மலில் ஏதாவதொரு கடையிலேனும் கிடைக்க வேண்டும் என்பதும் என் கணக்கு. விசாரித்ததையே மறுபடி விசாரித்தேன். "பொண்ணு பாக்கப் போனப்போகூட நீ இவ்ளோ கேள்வி கேக்கலியாமே! உன் சம்சாரம் சொன்னாங்க" என்று கிண்டல் செய்தார். கடைசியில் பார்வைக்கு எடுப்பே இல்லாத ஒரு வெள்ளி நிற ஹப்பை வாங்கினோம். முன்பிரேக் இல்லாமல் பூட்டித் தரமாட்டேன் என்று நின்றேன். "சரிய்யா, இது உன் பயத்துக்குப் போட்ட பிரேக்" என்று ஒப்புக்கொண்டார்.

அவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற ஷேர் ஆட்டோக்காரர் அடக்கத்தன்று வந்திருந்தார். ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்க் கேட்டேன். "நான் பாக்கசொல்ல பெரியவரு வுழுந்து கெடந்தாரு சார். அதுக்கு முன்ன இன்னா ஆச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். மாரடைப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாரடைப்பு வந்து விழுந்தாரா, பல்சக்கரம் கழன்ற அதிர்ச்சியில் மாரடைப்பு வந்ததா? மருத்துவர் ஹப்பைப் பார்க்கவில்லையே. சைக்கிள், அவர் வீட்டு கார் ஷெட்டில் போர்வை மூடி நின்றது. போர்வையைத் தூக்க எனக்குத் துணிவில்லை. ஜெபக் கூட்டத்துக்குப் போனபோதும் அந்தப் பக்கம் முதுகு காட்டியே உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு மாலையில் ஷீபா கூப்பிட்டாள். "இந்த ஞாயித்துக்கெழமை அப்பா சைக்கிள்ள நான் வரப்போறேன் அங்கிள். நீங்க பாத்து ஓகேன்னு சொன்னாதான் அம்மா விடுவாங்களாம்." இனி தப்பிக்க வழியில்லை.

போர்வையை அவள்தான் எடுத்தாள். சக்கரத்துக்கு அருகில் மெல்ல உட்கார்ந்தேன். பூட்டிய அன்று ஹப், பல்சக்கரம், வளையம் மூன்றின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரே கோடு இழுத்திருந்தேன். எது நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். அழுக்கைத் துடைக்கத் துணி கேட்டேன். கோடு இருக்கும் இடத்தைக் கடைசியில்தான் துடைத்தேன்.

கோடு நேராக இருந்தது.

நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பெடலை எதிர்த்து அழுத்திப் பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காது கொடுத்தேன். கரகரப்பு இல்லை. "எதுவும் கழலலம்மா" என்றேன்.

"இத்தன நாளா இதுக்கா பயந்துட்டிருந்தீங்க?" என்றாள் ஷீபா. நான் தலையசைத்தேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அங்கிள்! அப்பா இருந்திருந்தா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருப்பாங்க." பிறகு அவள் குரல் தணிந்தது. "அப்ப நான் ஓட்டலாமா?"

வேண்டாம் என்று சொல்ல ஹப்பில் ஒரு காரணமும் இல்லை. இருந்த காரணமெல்லாம் என்னிடம்தான். "ஓட்டலாம்மா. முன்பிரேக்கை மட்டும் கழட்டிடாதே" என்றேன்.

அவருடைய பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், நல்லபடியாக வீடு திரும்ப வேண்டுமே என்று நான் பயந்துகொண்டிருக்க ஓர் ஆள் இருந்தார். மகளை அனுப்பி, அந்த இடம் காலியாகாமல் பார்த்துக்கொண்டுவிட்டார். அந்தப் பயத்தைத்தான் அவர் நினைவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். குழு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: கேளம்பாக்கம் போகும் நாட்களில் மேடவாக்கம் இறக்கத்தில் யாராவது ஒருவர் அவளுக்குப் பின்னாலேயே வாருங்கள். நானே வருவேன், ஆனால் அந்த இறக்கத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டுதான் வருகிறேன்.