பூட்டியிருந்த கோர்ட்டு

பொன்னேரி முன்சீப் கோர்ட்டு வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வரி வசூலிக்கும் கச்சேரியாக இருந்தது என்பார்கள். சுவர் பூராவும் உப்புப் பூத்துக் காரை உதிரும். அறுபத்தாறு புயலில் ஒரு பக்கத்து ஓடு பறந்த பிறகு, மழை வந்தால் டவாலி பக்கெட்டைக் கொண்டுவந்து வைப்பார். விசாரணை அதுபாட்டுக்கு நடக்கும்.

எங்கள் துலுக்காணம் பெரியப்பா அந்த வராந்தாத் தூணில் சாய்ந்தபடியே வருஷக்கணக்கில் வாய்தாவுக்குக் காத்திருந்தவர். ஏரிக்குக் கீழே இருந்த ஒரு காணி நன்செய்தான் வழக்கு. அது தன் அப்பன் பங்கு என்று பங்காளி துளசிராமன் போட்டது. அதை விட்டால் பெரியப்பாவுக்கு வேறு மண் கிடையாது.

எழுபத்தொன்றில், சித்திரை வெயிலில், அன்று சாட்சி சொல்ல வேண்டும் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கோர்ட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. வராந்தாவில் ஆடுகள் படுத்திருந்தன. வாசலில் இட்லி விற்கும் ரோசம்மாளையும் காணோம். போன வருஷமும் ஒரு முறை இப்படித்தான் வந்து, கோடை லீவு என்று திரும்பியிருக்கிறார். வெயில் அதிகம், லீவை முன்னாடியே விட்டுவிட்டார்கள் என்று தீர்மானித்து, சந்தையில் கத்திரி விதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். சம்பூர்ணம் பெரியம்மாவுக்கும் நிம்மதி. லீவு முடிந்து வக்கீல் கார்டு போடுவார் என்று இருவரும் விதைப்பு வேலையில் இறங்கினார்கள்.

ஆடி மாதம் தமுக்கு அடித்துக்கொண்டு கோர்ட்டு அமீனா வயலுக்கு வந்தார், கூடவே துளசிராமன். நிலத்தை ஒப்படைக்க உத்தரவு என்றார்கள். பெரியப்பா வரப்பை விட்டு நகரவில்லை.

“கோர்ட்டே பூட்டிக்கினு கீது. நீ எந்தக் கோர்ட்லேர்ந்து வர்ற நைனா?”

அமீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது இடிஞ்சி வுழுவுதுன்னு சித்திரையிலயே ரயிலடி பக்கம் வாடகை ஊட்டுக்குப் போயாச்சு பெரியவரே.”

அந்த வாடகை வீட்டு வாசலில்தான் பெரியப்பாவின் பேரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்று துளசிராமன் பக்கமே தீர்ப்பாகிவிட்டது. இடம் மாறப்போவதை முந்தின வாய்தா அன்று சாயங்காலம் கோர்ட்டில் சொன்னார்களாம். பெரியப்பா வழக்கு அன்று காலையிலேயே முடிந்து, அவர் மத்தியானமே வயலில் வரப்புக்கு அண்டை வெட்டப் போய்விட்டிருந்தார். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று வக்கீலும் விட்டுவிட்டார்; தீர்ப்பான பிறகும் கார்டு போடவில்லை.

தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட்டோம். “எங்க ஊர்ல மொத பி.ஏ. இவன்தான்” என்று வக்கீலிடம் என்னைக் காட்டிவிட்டுத்தான் பெரியப்பா பேசவே ஆரம்பித்தார். மனுவை வரி வரியாகப் படித்து அவருக்குச் சொன்னேன். அதற்குமேல் என் படிப்பால் ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் முன்சீப், அன்று ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“வந்தேன் சாமி. நீங்கதான் இல்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையாவது விசாரித்தீரா என்றார்.

“பூட்டுத் தொங்கற எடத்துல யாரப் போயி இன்னான்னு கேக்கறது?”

மனுப் போடும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, விசாரிக்காதது அவர் குற்றம் என்று மனு தள்ளுபடியானது. திரும்பி வரும் வழியில் மேல்கோர்ட்டு என்று நான் ஆரம்பித்ததும் பெரியப்பா வேண்டாம் என்று கையை அசைத்தார்.

அடுத்த நடவுக்குப் பெரியம்மா அதே கழனியில் துளசிராமனிடம் கூலிக்கு இறங்கினாள். கூலி நெல்லைக் குத்தி ராத்திரி சோறாக்கிப் போட்டாள். பெரியப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அதே நெல்தான். சாப்பிட்டார்.