ஒகோலாவின் மேல் போட்ட மண்

ஒகோலா சைக்கிள் பழுது பார்ப்பவர். எங்கள் கானோ சமவெளியில் பாம்புக்கோ போலீசுக்கோ அவர் பயந்ததில்லை. தன் வீட்டு மண்ணுக்கு மட்டும் பயப்படுவார்.

காரணம் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம், அவருடைய அப்பாவைப் புதைத்த மேடு நடுவில் பிளந்து, முழங்கை நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. எங்கள் கரிசல் அப்படித்தான், மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வெடிக்கும். என் கோழி ஒன்று அப்படியொரு வெடிப்பில் விழுந்து, மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வளவில் எட்டுக் குஞ்சுகளோடு ஏறி வந்தது. முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான், எண்ணிப் பார்த்துத்தான் எட்டு என்கிறேன். ஒகோலா கண்டது மட்டும் சிரிக்கிற விஷயமாக இல்லை. மண்வெட்டியால் மூடினார். அடுத்த வாரம் மறுபடி திறந்தது. மறுபடி மூடினார்.

அவர் மனைவி அபோண்டி, கெம் ஊரிலிருந்து வந்தவள். இங்கே மருமகளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், அதனால் எல்லோருக்கும் அவள் கெம்காரி. செம்மண்ணில் விரலாலேயே குழி தோண்டி விதை போட்டு வளர்ந்தவள். வந்த முதல் மழையிலேயே எங்கள் சேறு அவளது கல்யாணச் செருப்பில் ஒன்றை விழுங்கிவிட்டது. மற்றதை வைத்துக்கொண்டு ஒரு நாள் அழுதாள். மறுநாள் வீட்டின் இடதுபுறம் கீரைப்பாத்தி போடக் கிளம்பினாள்.

முதலில் நியாண்டோ ஆற்று மணலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கலந்தாள். வெயில் வந்ததும் பாத்தி மொத்தமும் சுட்ட கல்லாக இறுகிவிட்டது.

"கெம்காரி, இது தோட்டமா, செங்கல் சூளையா?" என்றார் ஒகோலா.

"சூளைதான். மொதல்ல உங்க வாயை வச்சுச் சுடப்போறேன்."

அதன் பிறகு நெல் மில்லில் குப்பையாகக் குவிந்து கிடந்த உமி அவள் கண்ணில் பட்டது. சாணியோடு சேர்த்து ஒரு மழைக்காலம் முழுக்க மக்கவைத்து மண்ணோடு புரட்டினாள். பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினாள். ஈரத்தில் யார் கால் வைத்தாலும், மாமியாராகவே இருந்தாலும், சத்தம் போட்டாள். கேலி பேசிய ஒகோலாதான் வாரம் இரண்டு மூட்டை உமியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருஷம். சுற்றிலும் வெடித்துக் கிடக்க, அந்தப் பாத்தியில் மட்டும் மணத்தக்காளிக் கீரை பச்சென்று நின்றது.

போன டிசம்பரில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. வாசலில் பாய் போட்டுப் படுத்தபடி தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"உன் மண்ணு வாயே தொறக்கலையே, கெம்காரி."

"தின்னுட்டே இருக்குல்ல. எங்க தொறந்து பேசும்?"

அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பா மாதிரி நான் தொறந்து கெடக்கக் கூடாது. பாத்துக்குவியா?"

"பாத்துக்கறேன்," என்றாள்.

ஜனவரியில், மண் மிகக் கடினமாக இருக்கும் மாதத்தில், போய்விட்டார். வீட்டு ஆணை எங்கே புதைப்பது என்பதில் எங்களிடம் பேச்சே கிடையாது. வாசலில் நின்று வெளியே பார்த்தால் வலது கைப்பக்கம். மனைவிக்கு இடது. வலதுபுறம் ஒரு பிடி உமி கூடக் காணாத கரிசல். அன்று மதியத்துக்குள் இரண்டு மண்வெட்டிக் காம்புகள் முறிந்தன.

ஒகோலாவின் தம்பி ஒவிட்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அண்ணி, தோட்டத்துல தோண்டிரலாம். மெத்துன்னு இருக்கு. கேட்டுல நின்னு வீட்டப் பாத்தா அதுவும் வலதுதானே?"

"உங்கண்ணன் வீட்டுக்குள்ளேருந்து போறாரா, கேட்டுலேருந்து வர்றாரா?"

"தொறந்து கெடக்காம பாத்துக்கறேன்னு அண்ணன்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

அவள் இடதுபுறத்தையும் வலதுபுறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தோட்டத்தில் வைத்தால் வாக்கு நிற்கும், ஆனால் தன் வாசலில் ஓர் ஆணுக்குரிய இடத்தை அவர் இழப்பார். அங்கே வைக்காவிட்டால் அடுத்த கோடையில் அவர் மேடும் வாய் திறக்கும்.

"அது என் எடம் தம்பி. அங்கயும் வந்து என்னை இடிச்சிட்டுப் படுக்கணுமா அவரு? நீ வலப்பக்கமே தோண்டு. மண்ணு எங்கேருந்து வரணும்னு நான் பாத்துக்கறேன்."

ஆண்கள் கடப்பாரையோடு இரண்டு நாள் போராடினார்கள். சனிக்கிழமை காலை கெம்காரி கீரையெல்லாம் பிடுங்கி, துக்கத்துக்கு வந்தவர்களின் குழம்புக்குக் கொடுத்தாள். பிறகு ஓர் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். தட்டில் மண்ணை நிரப்பித் தலையில் வைத்து, வாசலைக் கடந்து வலப்பக்கம் கொட்டினாள். நான்காவது நடைக்கு நானும் தட்டு எடுத்தேன். பிறகு தெருப் பெண்கள் எல்லோரும். அழுதுகொண்டே வந்தவர்களும் அழுதபடியே சுமந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்து மண் பிற்பகலுக்குள் இடம் மாறியது.

பெட்டி இறங்கியதும் அந்த மண்ணைத்தான் போட்டோம். கட்டி விழும் சத்தமே கேட்கவில்லை. மண்புழுக்கள்கூட அவரோடு போயின.

குழியிலிருந்து வெட்டியெடுத்த கரிசல் கட்டிகளை ஆண்கள் தோட்டத்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். ஒரு வாரம் அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எட்டாம் நாள் ஒவிட்டி அண்ணனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் இரண்டு மூட்டை உமி.

"மணலும் கொண்டாரட்டுமா அண்ணி?"

"கொண்டா. உன்னைத்தான் மொதல்ல சுடுவேன்," என்றாள். மூட்டையின் கட்டை அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் தெரியவில்லை என்றாள்.

இந்தக் கோடையில் என் வளவு முழுக்கப் பிளந்து கிடக்கிறது. தினமும் காலையில் கெம்காரி வலதுபுறம் போய்க் குனிந்து, மேட்டின் மேல் உள்ளங்கையை ஒருமுறை நீளமாக ஓட்டிப் பார்க்கிறாள். விரல் எங்கும் இறங்குவதில்லை. பிறகு இடதுபுறம் வந்து, கணவன் குழியிலிருந்து வந்த கரிசலின் வெடிப்புகளில் உமியைக் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளுகிறாள்.