பூனைகள் பின்னால் வராத தீவனம்

நான் பார்த்த வேலைகளில் மீன் தீவன வேலை ஒன்றுதான் வீடு வரைக்கும் கூட வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருப்பூர், சூரத், கொச்சி என்று சுற்றிவிட்டு, கடலோர நகரம் ஒன்றின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தீவன ஆலையில் ஒதுங்கியிருந்தேன். காய்ந்த மீனை அரைத்த தூளை மூட்டை மூட்டையாக இயந்திரத்தில் கொட்ட வேண்டும். எந்தச் சோப்புக்கும் அந்த நாற்றம் போகாது. முதலியார்பேட்டையில் என் தெருவுக்குள் நுழைந்ததும் பூனைகள் வரிசைகட்டிப் பின்னால் வரும்.

மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் வாசலில் மறித்தார்.

"இன்னாய்யா, ஊர்வலமா? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இதுங்க வந்துச்சுன்னா நீயும் கெளம்பு, இதுங்களையும் இட்டுக்கினு போ."

அந்த அறை கிடைக்கும் முன் எட்டு நாள் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தேன். கொசுவைத் தவிர குறையில்லை. இருந்தாலும் கதவு வைத்த அறை பழகிவிட்டது.

அந்த வாரமே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மீன்தூள் கிடைக்கவில்லை. முதலாளி சோயாவையும் கடலைப் புண்ணாக்கையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இனிமே மீனுக்கும் சைவந்தான்" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. இரண்டே நாளில் பூனைகள் என்னைப் பார்த்தால் கொட்டாவி விட்டன.

ஆலைக்குப் பின்னால் ஒரு தொட்டியில் சோதனைக்காகக் கொடுவா மீன் வளர்த்தோம். சனிக்கிழமை காலை புதுத் தீவனத்தை வீசினேன். மீன்கள் பாய்ந்து வந்து வாயில் வாங்கின. உடனே துப்பின.

"எம் பையன் கீரையத் துப்புறாப்லயே துப்புது பாரு. செவ்வாக்கெழம வரைக்கும் பாப்போம். தின்னலன்னா எங்க கெடைச்சாலும் மீன்தூளே வாங்கிப்புடலாம்" என்றார் முதலாளி.

மீன்தூள் திரும்பினால் பூனைகளும் திரும்பும். ஒரு தீவனக் குருணையை எடுத்து நானே மென்று பார்த்தேன். முதலில் புண்ணாக்கு ருசி வந்தது. அதற்குப் பின்னால் கோயில் வந்தது. சாம்பிராணி!

வெள்ளிக்கிழமை மாலை இயந்திரத்துக்குச் சூடம் காட்டி, ஆலை முழுக்கச் சாம்பிராணிப் புகை போடுவது எங்கள் வழக்கம். போடுகிறவன் நான். மீன்தூள் இருந்தவரை எந்தப் புகையும் அதனிடம் ஜெயித்ததில்லை. இந்த முறை புதுச் சரக்கு ஆயிற்றே என்று, ஆறப்போட்டிருந்த தீவனத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தாராளமாகப் போட்டிருந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன்.

"சாமிக்குப் போட்ட புகைய மீனு வேணான்னுதா?"

"சாமிக்குப் புடிக்குது மொதலாளி. மீனுக்கு ஒப்பல."

புகையில்லாமல் மறுபடி செய்தோம். இப்போது மீன்கள் துப்பவில்லை. ஆனால் பந்தியில் பிடிக்காத பலகாரத்தைப் பார்ப்பதுபோல் சுற்றி வந்தன. முதலாளி மார்க்கெட்டில் மீன் தலைகளை வாங்கி வந்து வேகவைத்து, அந்தச் சாற்றைக் குருணை மேல் தெளிக்கச் சொன்னார்.

"வாசத்துக்கு மட்டுந்தான்பா. உள்ள பூரா புண்ணாக்கு."

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளி நின்று தெளித்தேன். செவ்வாய்க்கிழமை கொடுவாக்கள் தண்ணீரைக் கலக்கித் தின்றன. முதலாளி கைதட்டினார். நான் என் கையை முகர்ந்து பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் தெளிப்பதும், ஆலைக் குழாயடியில் எலுமிச்சைத் தோல் தேய்த்துக் குளிப்பதுமாகப் போயிற்று. மாதக் கடைசி நாள் மூன்று முறை குளித்துவிட்டுப் போனேன். வீட்டுக்காரம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதில் மேலிருந்த பூனைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. காதறுந்த ஒன்று மட்டும் குதித்து என் பின்னால் வந்தது.

அவர் எனக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் எட்டிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்மா. இப்ப மீனு கொஞ்சந்தான் சேக்குறோம்."

குனிந்து பூனையைப் பார்த்தார்.

"மோட்டார் ரூம்ல எலி ஒயரக் கடிக்குது. இது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். ரெண்டாவது வந்துச்சு, பாத்துக்கோ."

இருக்கச் சொன்னது யாரை என்று பூனைக்கும் புரிந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் மாடிப்படி ஏறியது.