டீத்தண்ணீரில் நனைத்த துணி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்க என்னைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். தாளாளர் மனசு வைத்தால் ஜூனில் வேலை நிரந்தரமாகும். வீட்டில் என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தோம்.

எனக்கு முன்னால் இருந்தவர் கரும்பலகையில் கேள்வி பதில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பாதி வகுப்பு தூங்கும். அதைப் பாடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பாடம் வந்தபோது வகுப்பையே பழைய நெசவாளர் ஊராக்கினேன். போர்வையால் ஜன்னலை மூடி, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினேன். நான்கு கம்புகளைச் சாய்த்து வைத்து அதுதான் உடைந்த தறி என்றேன். நெசவாளர் ஒருவரைக் காணவில்லை. அவரை விரட்டியது யார்? கம்பெனி ஏஜெண்டு, தரகர், ஊர்க்காவல்காரர், நெசவாளரின் மனைவி என்று பிள்ளைகளுக்கு வேஷம் பிரித்துக் கொடுத்தேன். கடிதங்களையும் பொருள்களையும் அங்கங்கே ஒளித்து வைத்தேன். யார் எதைச் சொன்னாலும் ‘எதை வச்சு சொல்ற?’ என்று மற்றவர்கள் கேட்க வேண்டும். வேறு விதி கிடையாது. அந்த வாரம் ஒருவரும் தூங்கவில்லை.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், நாளைக்குத் தாளாளர் வாராக. பெஞ்சை நேராப் போட்டு நோட்ஸ் எழுதிப் போடுங்க. வேலை வேணும்லா?”

“வேணும் சார். பெஞ்சு இப்படியேதான் இருக்கும்.”

தாளாளர் பேண்டேஜ் கம்பெனி வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை வந்து கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காணாமல் போனவரின் தறியில் கிடைத்தது என்று நான் கொடுத்திருந்த துணியோடு ஒரு பெண் எழுந்தாள்.

“டீச்சர், இது அந்த ஆளு நெய்ஞ்சது இல்ல.”

“எதை வச்சு சொல்ற?”

“வீட்டுக்குக் கொண்டு போனேன். எங்கம்மா காயத்துக்குக் கட்டுற காஸ் துணி மடிக்கப் போறாக. பார்த்ததுமே சொல்லிட்டாக, இது காஸுன்னு. கையால நூத்த நூலு ஒரு எடம் தடிப்பா, ஒரு எடம் மெலிசா வருமாம். இது பூராம் ஒண்ணு போல இருக்கு. மில்லு நூலு.”

ஏஜெண்டு வேஷம் போட்ட பையன் துணியைப் பிடுங்கினான். “ஏட்டி, மோந்து பாரு. டீத்தண்ணி வாடை வருது.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “அந்தக் காலத்துல மில்லே கெடையாதுல்லா. பொறவு யாரு இதைக் கொண்டாந்து வச்சது?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள்.

வேறு ஊராக இருந்தால் தப்பியிருப்பேன். காஸ் மடிக்கிறவர்களின் பிள்ளைகளிடம் காஸையே டீத்தண்ணீரில் நனைத்துப் பழைய துணி என்று நீட்டியது என் மடத்தனம்.

“நான்தான் வச்சேன். தப்பு என்னுது,” என்றேன்.

நம் நாட்டுக்கு மில் எப்போது வந்தது என்று சண்டை கிளம்பியது. நான் சொல்லாமலே புத்தகங்கள் திறந்தன. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தாளாளர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“காஸுன்னு பிள்ளை சொன்னது சரிதான். ஆனா டீச்சரையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குதுக. இன்னைக்கு உங்களை. நாளைக்கு யாரை?”

“யாரைக் கேக்கணுமோ அவியளைக் கேக்கட்டும் சார்.”

“அதுக ஆத்தா அப்பன்லாம் நம்ம பேண்டேஜ் யூனிட்லதான் வேலை பாக்காக, தெரியும்லா?”

அவருடைய பயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். “இனிமே நோட்ஸ் மட்டும் எழுதிப் போடுவேன்னு எழுதிக் குடுங்க. ஜூன்ல ஆர்டர் போட்டுருவோம்.”

காஸ் துணியை வைத்தது என் தவறு, மாணவி கண்டுபிடித்தது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“நோட்ஸ் பத்தி எழுதலையே?”

“எழுத மாட்டேன் சார்.”

ஜூனில் ஆர்டர் வரவில்லை. பல மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அந்த ஒரு வரியை எழுதித் தொலைத்திருக்கலாமே என்று வீட்டில் இன்னமும் சொல்கிறார்கள். எழுதியிருந்தால், திங்கட்கிழமை அந்தப் பெண் அடுத்த கேள்வியோடு எழுந்தபோது வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதை எவருக்காகவும் சொல்ல மாட்டேன்.