நடு அறையில் வைத்த ஜாதகம்

எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அப்பா அதைக் குத்திவிடுவார். விருத்தாசலம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ரசீதுகளைக் கம்பியில் குத்திக் குத்திப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அடியில் வட்டப் பலகை, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பி, நுனியில் கொக்கி. மாமா எழுதிய கடிதம், பென்ஷன் தாள், வீட்டு வரி ரசீது எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக் கிடக்கும். சாவுக் கடிதத்தை மட்டும் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார். தாளில் நல்லது கெட்டது பார்க்கத் தெரிந்தவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் ஜாதகத்தைக் குத்திவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. செராமிக் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு அப்பாவின் பென்ஷனிலும் என் சம்பளத்திலும் நடந்தது. எதில் அதிகம் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய என் ஜாதகம் பொருத்தமில்லை என்று தபாலில் திரும்பி வந்திருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். அப்பா கண்ணாடி போடாமல் அதையும் கம்பியில் ஏற்றிவிட்டார்.

சாயந்திரம் நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா அந்தத் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டை சரியாக ஏழாம் கட்டத்தில் விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு உரிய கட்டம்.

“பன்னெண்டு கட்டம் இருக்குது. உங்களுக்குக் குத்தறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?” என்று அழுதாள்.

“கட்டம் பாத்தா குத்துவாங்க? கவனிக்கல,” என்றார் அப்பா.

“பெத்த பொண்ணு ஜாதகம்ங்க அது. கூட்ஸ் வண்டி ரசீதா?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்து மூன்று வயதில் அதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம். ஜோசியரிடம் புதுப் பிரதி எழுதி வாங்கினோம். ஓட்டை விழுந்ததை அம்மா மணிமுத்தாற்றில் விட்டுவிட்டு வந்தாள். இனி இந்த வீட்டில் கம்பி கூடாது, காகிதங்களைப் பிரித்து வைக்க மேஜைமேல் ஒரு பெட்டி வேண்டும் என்று உத்தரவும் போட்டாள். கம்பி பரணுக்குப் போனது.

எங்கள் கம்பெனியில் அப்போது ஆபீஸ் மேஜைகளுக்கென்று பீங்கானில் ஒரு கடிதத் தாங்கி செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தடுப்புகள், வெள்ளை வெளேரென்று பளபளப்பு. ஆனால் சூளையில் வெந்து வருவதற்குள் ஏதாவது ஒரு தடுப்பு வளைந்துவிடும், இல்லாவிட்டால் கீறல் விடும். அப்படி ஒன்றை முதலாளி எனக்குச் சும்மா கொடுத்தார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அம்மா விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தாள். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். இது லொட்டென்றது.

“கீறல் வுட்ட சாமான்லயா பொண்ணு ஜாதகத்த வைக்கிறது? மொதல்ல இத வூட்ட வுட்டு எடுத்துட்டுப் போ,” என்றாள்.

ஊரே பீங்கானில் பிழைக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு இடமில்லை. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் என் ஆபீஸ் மேஜையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேருமாகக் கடைவீதிக்குப் போனோம். தகரத்தில் ரோஜாப்பூ வரைந்த பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரம் கையைக் கிழித்தது. மரத்தில் இரண்டு அறை வைத்தது ஒன்று, மூன்று அறை வைத்தது ஒன்று.

“ரெண்டு போதுமே. கடுதாசிக்கு ஒன்னு, கவர்மெண்டுத் தாளுக்கு ஒன்னு. மூணாவது எதுக்கு?” என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். மூன்றாவது எதற்கென்று கடைக்காரர் முன்னால் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

“மூணே இருக்கட்டும்ப்பா,” என்றேன்.

என் கல்யாணத்துக்காக நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

வேப்பமரப் பெட்டி. நடு அறை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் உயரம். அம்மா அதற்குக் குங்குமம் வைத்து, என் ஜாதகப் பிரதிகளை அடுக்கினாள். மங்கலம்பேட்டை, பண்ருட்டி, சேலம் என்று அவை போய்க்கொண்டே இருந்தன, சில திரும்பி வந்தன. ஒரு இடத்தில் வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் சம்பளத்தைப் பிறந்த வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள். அதற்கு அப்பா பதிலே எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியைத் துடைப்பது என் வேலை. அதனால் எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். தங்கை படிப்பை முடித்ததும் அவள் ஜாதகம் என்னுடையதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது முன்னால் இருந்தது. நான் தூசியைத் துடைத்துவிட்டு, இருந்தபடியே வைத்தேன். அவளுடைய பிரதிகளை எழுதியதே நான்தான். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று ஜோசியரே சொல்லியிருக்கிறார். உறைமேல் விலாசமும் நானே எழுதினேன். கைராசி என்றார்கள். அந்தத் தையிலேயே அவளுக்கு முடிந்துவிட்டது.

கல்யாணச் செலவு ரசீதுகளுக்காகப் பரணிலிருந்து கம்பி மறுபடி இறங்கியது. வெறும் ரசீதுதானே என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் ஒரு வரனும் வரவில்லை. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒரு நாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா வந்தார். எனக்கு அத்தை முறை.

“எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு தம்பி. வாத்தியாரு வேல. பொண்டாட்டி தவறிட்டாங்க, புள்ள கெடயாது. நம்ம பெரிய பொண்ணு வேலைக்குப் போனா போவட்டும்னு சொல்றாரு. ஜாதகம் ஒன்னு குடு,” என்றார்.

நான் காப்பித் தம்ளரோடு கதவோரம் நின்றிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அவர் எப்படி இருப்பார் என்றுகூட நினைக்கவில்லை. கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறாரே, அதுவே போதுமாக இருந்தது.

அம்மா எழுந்து போய் நடு அறையில் கையை விட்டாள். வந்தது கரண்டு பில். மறுபடியும் விட்டாள். ரேஷன் கார்டு. என் பிரதி ஒன்றுகூட அதில் இல்லை. தீர்ந்த பிறகு எழுதி வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

“இப்ப கைல இல்லக்கா. எழுதி அனுப்பறோம். விலாசம் குடுத்துட்டுப் போங்க,” என்றார் அப்பா.

அத்தை பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் அந்த வாத்தியாரின் விலாசம் இருந்தது. “சீக்கிரம் அனுப்பு. போயிட்டு வரேன்,” என்று கிளம்பினார்.

அப்பா சீட்டை ஒரு முறை படித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் கம்பி நின்றிருந்தது. சீட்டை மடித்து அதில் குத்தினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.